தென்னைத் தலைப்பில் நாற்பத்து மூன்று பெயர்கள்

கௌரவ கோணாமலை அவர்கள் பாராளுமன்றத்தில் பேசாத விடயம் இல்லை. எதிர்க்கட்சி வரிசையில் கடைசிக்கு முந்திய ஆசனத்திலிருந்து அவர் உப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். கோழிக் காய்ச்சலைப் பற்றிப் பேசியிருக்கிறார். தராசுகளுக்கு முத்திரை குத்துவது பற்றி இருபது நிமிடம் பேசி, ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவரை நித்திரையிலிருந்து எழுப்பியிருக்கிறார். வருடம் முடியும்போது மட்டக்களப்பு நகரிலுள்ள அவருடைய காரியாலயம் இவற்றைச் சேர்த்து ஒரு சிறிய புத்தகம் அச்சிடும். 2007ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் உரைகள் எழுபத்தொன்று, குறுக்கீடுகள் நூற்றுப் பன்னிரண்டு, ஒழுங்குப் பிரச்சினைகள் ஒன்பது என்று இருந்தது. 'மக்கள் அடைந்த பயன்கள்' என்ற கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதன் அடியில் 'குறிப்பெழுத' என்று போட்டிருந்தார்கள்.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் பெரியகல்லாற்றுச் சாமித்தம்பியின் மகன் ரதீஸைக் கொண்டுபோனார்கள். சாமித்தம்பி வாவியில் தோணி தள்ளி இறால் பிடிப்பவர். ரதீஸுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, இறால் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போனான். சந்தியில் சீருடை போட்டவர்கள் மறித்து அவனையும் சைக்கிளையும் பச்சை வாகனத்தில் ஏற்றினார்கள். கூடையை வீதியில் விட்டுவிட்டுப் போனார்கள். சந்தியில் நின்றவர்கள் வந்து வாகன இலக்கத்தோடு சொல்ல, எட்டு மணிக்குச் சாமித்தம்பி சந்திக்குப் பக்கத்திலிருந்த முகாம் வாசலில் நின்றார். உள்ளே சுவரில் சைக்கிள் சாய்த்திருப்பதைக் கண்டார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். அவர் சைக்கிளைக் காட்டினார். அப்படி ஒரு சைக்கிளும் இல்லை என்றார்கள்.

பொலிஸில் சார்ஜன் எழுதிய முறைப்பாடு ஒரு வரிதான்: 'வெளியே சென்றவர் வீடு திரும்பவில்லை.'

"அவனா வெளிய போகல்ல, சேர். ஏத்திக்கொண்டு போனாங்க. நேரமும் தெரியும், இடமும் தெரியும்."

"அதெல்லாம் எனக்கு விளங்குது, ஐயா. ஆர் கொண்டுபோனதெண்டு எழுத எனக்கு அதிகாரமில்ல. மேல பேசினாத்தான் கீழ எழுதலாம்."

கிராம சேவகர் இன்னும் இரக்கமானவர். அவரிடம் படிவங்கள் இருந்தன. 2004 மார்கழியில் கடல் வந்து சாமித்தம்பியின் மனைவியைக் கொண்டுபோனபோது, ஒரே மாதத்தில் மரணச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கடல் கொண்டுபோனவர்களுக்கு அரசாங்கம் அவ்வளவு ஒழுங்காகப் படிவம் அடித்திருந்தது.

"சுனாமிப் படிவம் இன்னும் ஒரு கட்டுக் கிடக்கு," என்றார் அவர். "மகனையும் அதில போடுவமா? திகதியைத்தான் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளணும்."

"அவன் சுனாமிக்குப் பிறகு ரெண்டரை வருசம் என்னோட சோறு திண்டவன், சேர்."

"அதைப் படிவத்தில கேக்கல்ல."

சாமித்தம்பி வீட்டுக்கு வந்தார். அவருக்கு நிவாரணம் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். மகனை யார், எப்போது, எங்கே கொண்டுபோனார்கள் என்று அரசாங்கத்தின் கடதாசி ஏதாவது ஒன்றில் எழுதியிருக்க வேண்டும். எழுதிவிட்டால் கேட்கலாம். எழுதாத ஒன்றை எவரிடமும் கேட்க முடியவில்லை. மேலே பேச வேண்டும் என்றபடியால், பேசுவதையே தொழிலாகக் கொண்டவரைத் தேடி மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினார்.

காரியாலயத்தில் டெக்ஸ்டர் இருந்தார். பறங்கி மனிதர். முன்பு அரசாங்க அதிபரின் கச்சேரியில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோணாமலை அவர்களின் உரைகளை எழுதுவது அவர்தான். எழுதியதைக் கோணாமலை அவர்கள் முன்கூட்டி வாசிப்பதில்லை. வாசித்தால் சபையில் புதுமை போய்விடும் என்பது அவருடைய கொள்கை.

"மிஸ்டர் சாமித்தம்பி, ஒரு ஆளை சும்மா ஆளாப் பாராளுமன்றத்துக்குள்ள கொண்டுபோகேலாது," என்றார் டெக்ஸ்டர். "ஒரு தலைப்புக்குள்ள வச்சுத்தான் கொண்டுபோகணும். வரவுசெலவுத் திட்ட விவாதம் நடக்குது. ஒவ்வொரு அமைச்சுக்கும் ஒவ்வொரு நாள்."

"அப்ப பாதுகாப்பு அமைச்சு நாளில சொல்லுங்க, சேர்."

"அது பெரிய தலைவர்மாருக்கு. எங்கட ஐயாவுக்கு மீன்பிடி கிடைச்சிருக்கு. மகன் என்ன தொழில்?"

"மீன்பிடிதான்."

"பாத்தீங்களா, அதிர்ஷ்டம்," என்றார் டெக்ஸ்டர்.

உள்ளே கோணாமலை அவர்கள் எழுந்து நின்று சாமித்தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்தார். "சாமித்தம்பி, உங்கட வேதனை என்ட வேதனை. ஆனா என்ட வேதனைக்குக் கட்சி ஆறு நிமிசம்தான் தந்திருக்கு. அதுக்குள்ள நான் தவிசாளருக்கு நன்றியும் சொல்லணும்."

சபையில் அவர் நன்றி சொன்னார். தன்னுடைய தகப்பனாரும் ஒரு காலத்தில் வலை வைத்திருந்ததைச் சொன்னார். அமைச்சர் ஒருவர் சிரித்ததால் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். ரதீஸின் பெயர் வரும் இடத்தில் மணி அடித்தது. மீதியைச் சபாபீடத்தில் சமர்ப்பிப்பதாகச் சொல்லிவிட்டு அமர்ந்தார். சமர்ப்பித்தது பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் அச்சாகி வந்தது: 'பெரியகல்லாற்றைச் சேர்ந்த திரு. ரதீஸ் என்ற மீனவர் கடந்த மூன்று மாதங்களாகத் தொழிலுக்குச் செல்லவில்லை.' கொண்டுபோனது வேறு அமைச்சின் விடயம் என்பதால் டெக்ஸ்டர் அதை எடுத்துவிட்டிருந்தார்.

பங்குனி மாதம் தபால்காரர் அப்துல் கபூர் படலையடியில் நின்று சைக்கிள் மணியை அடித்து, "ரதீஸ்!" என்று கூப்பிட்டார்.

சாமித்தம்பி கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கடிதம், காக்கா," என்றார் கபூர். முகவரியில் இருக்கும் பெயரைக் கூப்பிட்டுத்தான் அவருக்குப் பழக்கம். முப்பது வருடப் பழக்கம். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

மூன்று மாதங்கள் தொழிலுக்குச் செல்லாததற்கான காரணத்தைப் பதினான்கு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்காவிட்டால், தோணிப் பதிவு இரத்துச் செய்யப்படும் என்று மீன்பிடிக் கந்தோர் ரதீஸுக்கு எழுதியிருந்தது.

அடுத்து வந்தது தபால் சட்டத்திருத்தம். கோணாமலை அவர்களுக்கு நான்கு நிமிடம். ரதீஸ் என்ற இளைஞரிடமிருந்து தகப்பனாருக்குப் பல மாதங்களாக ஒரு கடிதமும் வந்து சேரவில்லை, இதுதான் உங்கள் தபால் சேவையா என்று அவர் மேசையில் தட்டிக் கேட்டார். இந்தக் குற்றச்சாட்டு தபால் அமைச்சைச் சுட்டுவிட்டது. அமைச்சு நாடு முழுவதும் விசாரணை நடத்தியது. புரட்டாதியில் பதில் வந்தது. கபூர் இந்த முறை கூப்பிடவில்லை. மணியையும் அடிக்காமல் படலையில் கடிதத்தைச் செருகிவிட்டுப் போனார்.

'ரதீஸ் என்பவரால் எழுதப்பட்ட கடிதம் எதுவும் இலங்கையின் எந்தவொரு தபாற் கந்தோரிலும் தேங்கிக் கிடக்கவில்லை என்பதை உறுதியாக அறியத் தருகிறோம்.'

சாமித்தம்பி அதை எத்தனை தடவை வாசித்தார் என்று தெரியாது. பக்கத்து ஒழுங்கைக் கண்ணகை வந்தபோதும் அது அவர் மடியில்தான் கிடந்தது. கண்ணகையின் மகன் சிவதர்ஷனை அதே சந்தியில் அதே மாதத்தில் ஏற்றினார்கள். ஒரே பிள்ளை. அவள் கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"என்னகா இது! பருத்தித்துறையில இருந்து அம்பாந்தோட்டை மட்டும் தேடியிருக்காங்க. முகாமுக்க மட்டும் பாக்கல்ல."

"அங்க தபால் கந்தோர் இல்லையாம், புள்ள."

"ஆனா பேர் போகுது, அண்ணன். எங்கட பேரெல்லாம் ஒரு இடத்துக்கும் போகல்ல. ரதீஸ்ட பேரை அரசாங்கம் கவர்ல அடிச்சு அனுப்புது." அவள் கடிதத்தை மடித்து அவர் மடியில் வைத்தாள். "மறுகா என்ன தலைப்பு வருதாம்?"

அடுத்து வந்தது தெங்கு, தென்னைக்கான தலைப்பு.

கார்த்திகை மாதம் கண்ணகையும் சாமித்தம்பியும் டெக்ஸ்டரின் மேசையில் ஒரு கொப்பித்தாளை வைத்தார்கள். சுற்று வட்டாரத்தில் கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்கள். நாற்பத்து மூன்று.

"நாப்பத்து மூண்டு தென்னங்காணிக்காரரா?" என்று டெக்ஸ்டர் சந்தோசப்பட்டார். ஐயாவின் உரைக்கு இவ்வளவு பேர் ஒருநாளும் கிடைத்ததில்லை. "எத்தனை ஏக்கர்?"

"ஏக்கர் இல்ல, சேர். வளவுக்க ஒண்டு ரெண்டு மரம். சுனாமி முறிச்சது போக மிச்சம்," என்றாள் கண்ணகை.

டெக்ஸ்டர் பட்டியலை வாசித்தார். வயதுகளை வாசித்தார். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று, பதினெட்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். பிறகு தட்டச்சு யந்திரத்தில் கடதாசியைச் செருகி, 'சுனாமியினால் தென்னைகளை இழந்தோர்' என்று தலைப்புப் போட்டார்.

தெங்கு நாளன்று சபையில் பதினொரு பேர் இருந்தார்கள். கோணாமலை அவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தது. தேங்காயைப் பற்றிப் பேச வேறு எவரும் முன்வராததே காரணம். டெக்ஸ்டர் எழுதிக் கொடுத்ததில் நன்றியும் இல்லை, தகப்பனாரும் இல்லை. பெயர்கள்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் அவர் அவற்றை வாசித்தார். ஒவ்வொரு பெயராக, ஊரோடும் வயதோடும் வாசித்தார். அந்தப் பெயர்களை வேறெந்தத் தலைப்பில் வாசித்திருந்தாலும் இரண்டாவது பெயரிலேயே ஐந்து பேர் எழுந்து நின்று கத்தியிருப்பார்கள். தென்னை என்பதால் சபை அமைதியாகக் கேட்டது. நாற்பத்து மூன்றும் அந்த மண்டபத்துக்குள் நுழைந்து, வெறும் கதிரைகளைச் சுற்றி வந்தன. சுருக்கெழுத்தாளர்கள் எழுதிக்கொண்டார்கள்.

வாசித்து முடிந்ததும் பிரதி அமைச்சர் எழுந்தார். "எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் இவ்வளவு ஆக்கபூர்வமாகப் பேசி நான் கேட்டதில்லை. இன்னார் என்று பெயர் சொல்லிக் கேட்டால் கொடுக்க நாங்கள் எப்போதும் தயார். ஆளுக்குப் பத்துத் தென்னங்கன்றுகள்!"

கோணாமலை அவர்கள் திகைத்துப்போனார். அவர் கேட்ட ஒன்று கிடைப்பது அதுதான் முதல் தடவை.

2009 வைகாசியில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். சந்தியில் முகாமுக்கு முன்னால் பட்டாசு கொளுத்தினார்கள். அடுத்த கிழமை சாமித்தம்பி மறுபடியும் பொலிஸுக்குப் போனார். போர் முடிந்தபடியால் இனி எழுதலாம் என்று நினைத்தார்.

சார்ஜன் கோப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே ஹன்சாட் பக்கத்தின் பிரதி ஒன்றும் இருந்தது.

"ஐயா, உங்கட மகன் இப்ப காணாமல் போன ஆளில்ல. தென்னங்கன்றுக்குக் காத்திருக்கிற ஆள். பாராளுமன்றத்திலயே சொல்லிட்டாங்க. கன்றை எடுத்துக் கையெழுத்து வச்சிட்டாரெண்டா நாங்க இந்தக் கோப்பை மூடலாம்."

"அவன் எப்படி சேர் கையெழுத்து வைக்கிற?"

"நீங்க வச்சாலும் காணும். அவர்ட பேரில."

சாமித்தம்பி கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். இருக்கிற ஒரு வரியும் பத்துத் தென்னங்கன்றுக்கு அழியப்போகிறது.

ஆடி மாதம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் விழா நடந்தது. மைதானத்துக்கு முன்னால் வீதி, வீதிக்கு அப்பால் முகாம். நானூற்று முப்பது கன்றுகளைப் பத்துப் பத்தாக நாற்பத்து மூன்று குவியல்களாக நிறுத்தி, ஒவ்வொரு குவியலிலும் பெயர் எழுதிய மட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கன்றுகள் ஒரு முழ உயரம். காற்றுக்கு மட்டைகள் திரும்பித் திரும்பி ஆடின.

காலையிலேயே டெக்ஸ்டர் பயனாளிகளின் வீட்டாரை ஒரு பக்கமாக அழைத்துச் சொன்னார். "பேர் கூப்பிட்டா ஆராவது ஒராள் வந்து கையெழுத்து வச்சிட்டுப் போங்க. ஐயாவுக்கு ஆறு வருசத்தில இது ஒண்டுதான் கிடைச்சிருக்கு. கெடுத்துப்போடாதீங்க, பிளீஸ்."

அவர்கள் போய்க் கதிரைகளில் இருந்தார்கள்.

பிரதி அமைச்சர் சிங்களத்தில் பத்து நிமிடம் பேசினார். டெக்ஸ்டர் மொழிபெயர்த்தார்: "தென்னை நல்லதாம்."

பிறகு கோணாமலை அவர்கள் மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த மக்களே! நான் எதிர்க்கட்சி. ஆனால் தேங்காய்க்குக் கட்சி இல்லை. பாராளுமன்றத்தில் நானூறு தடவை பேசினேன். ஒரு தடவைதான் கேட்டார்கள். அந்த ஒரு தடவை நான் என்ன பேசினேன் என்பது பேசி முடிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதுதான் ஜனநாயகத்தின் அழகு! போர் முடிந்துவிட்டது. இனி எவரும் எவரையும் தேடி அலையத் தேவையில்லை. அவரவர் தங்கள் தங்கள் வளவில் தென்னை நட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்!"

அவர் கைதட்டலுக்காக நிறுத்தினார். பிரதி அமைச்சர் தட்டினார்.

தெங்கு உத்தியோகத்தர் முத்தலிப் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். முதல் பெயர், "ரதீஸ்."

ஒலிபெருக்கி அதை மைதானத்துக்கும் வீதிக்கும் முகாமுக்கும் சொன்னது. எவரும் வரவில்லை. முத்தலிப் ஒழுங்கான மனிதர். சுற்றறிக்கையின்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டார். பெண்கள் மேடையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கழுத்தைத் திருப்பி முகாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நின்றவனும் தன் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

சாமித்தம்பி எழுந்து மேசைக்குப் போனார். டெக்ஸ்டர் பேனையை நீட்டினார்.

"நான் வைக்கமாட்டன், சேர்," என்றார் சாமித்தம்பி. "ஆள் வரல்ல."

"ஆள் வராட்டி இந்தப் பத்திரத்தில காரணம் எழுதணும்," என்றார் முத்தலிப். பத்திரத்தின் அடியில் 'சமுகமளிக்காமைக்கான காரணம்' என்று ஒரு பெட்டி இருந்தது. "வெறுமையா விடேலாது. கணக்காய்வுக்காரர் திருப்பி அனுப்புவார்."

"வெளியூர் எண்டு போடுங்க," என்றார் டெக்ஸ்டர் அவசரமாக.

"வெளியூர் எண்டா ஊர்ப் பேரும் போடணும். என்ன ஊர்?"

டெக்ஸ்டர் நீட்டிய பேனையைத் தன் சட்டைப்பையில் செருகினார்.

"சுகவீனம் எண்டு போடுங்க."

"வைத்தியச் சான்றிதழ் இணைக்கணும்." முத்தலிப் சாமித்தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்லுங்க, காக்கா. சொல்றதைத்தான் நான் எழுதணும். எனக்கு வேற எழுத அதிகாரமில்ல."

சாமித்தம்பி சொன்னார். திகதியைச் சொன்னார், நேரத்தைச் சொன்னார். சந்தியைச் சொன்னார். பச்சை வாகனத்தின் இலக்கத்தைச் சொன்னார். வீதிக்கு அப்பால் கையை நீட்டி, "அந்த வாசல்," என்றார். "சைக்கிள் உள்ளுக்கு நிண்டது."

முத்தலிப்பின் பேனை நின்றது. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், உத்தியோகம் இருந்தது. பெட்டியின் அகலத்தை விரலால் அளந்தார்.

"மெதுவாச் சொல்லுங்க," என்றார் பிறகு. "இடம் கொஞ்சம்தான் கிடக்கு."

பெட்டிக்குள் அடங்கும்படி பொடி எழுத்தில் எழுதினார். கீழே காபன் தாள் போட்டிருந்ததால் அமுக்கி எழுதினார். எழுதி முடித்துவிட்டு மைக்கில் அடுத்த பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். எவரும் வரவில்லை. ஒரு பெண் எழுந்து மேசைக்கு வந்தாள்.

நாற்பத்து மூன்று பெயர்களையும் மும்மூன்று தடவை கூப்பிட்டு முடிய மத்தியானம் இரண்டு மணியாகிவிட்டது. மேடையில் விருந்தினருக்குப் பசித்தது. விழா முறைப்படி ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் 'மேற்குறித்தவை உண்மையென உறுதிப்படுத்துகிறேன்' என்ற இடத்தில் பிரதம அதிதியும் சிறப்பு அதிதியும் கையொப்பமிட வேண்டும். பிரதி அமைச்சருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கோணாமலை அவர்கள் முன்கூட்டி வாசிப்பதில்லை. டெக்ஸ்டர் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பிடித்தார். அவர் ஒரு பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்ததைக் கோணாமலை அவர்கள் கண்டு, "வயசாகுது, டெக்ஸ்டர்," என்று சிரித்தார்.

வெள்ளைப் பிரதி கந்தோருக்கு, மஞ்சள் கணக்காய்வுக்கு, இளஞ்சிவப்புப் பயனாளிக்கு. முத்தலிப் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுத்தார். அவ்வருடப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் வெறுமையாக வரவில்லை. 'தென்னை பெற்ற குடும்பங்கள்: நாற்பத்து மூன்று' என்று வந்தது.

கன்றுகளை ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் பெற்றதாகிவிடும். அவை பெயர் மட்டைகளோடு மைதானத்திலேயே நின்றன. மறுநாள் காலை அந்த வழியால் போனவர்கள், நாற்பத்து மூன்று குவியல்களின் அடியிலும் மண் நனைந்திருப்பதைக் கண்டார்கள். ஆடி மாதத்தில் மழை இல்லை. ஊரில் எவரும் தண்ணீர் ஊற்றவில்லை. முகாம் வாசலில் ஒரு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. யார் ஊற்றியது, ஏன் ஊற்றியது என்று எவரும் கேட்கத் துணியவில்லை. அதற்குப் பிறகு சிலர் அந்த மைதானத்தைச் சுற்றிப் போகத் தொடங்கினார்கள். சிலர் அதற்காகவே அந்தப் பக்கம் போனார்கள்.

விழாவுக்கு மறுநாள் பொலிஸில் சார்ஜன், சாமித்தம்பி நீட்டிய இளஞ்சிவப்புத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது பிரதி அமைச்சர்ட கையெழுத்தா?"

"ஓம், சேர்."

"இது எம்.பி.ட."

"ஓம்."

"உண்மையென உறுதிப்படுத்திறாங்களாம்." சார்ஜன் எழுந்து கதவைச் சாத்தினார். மறுபடி திறந்தார். உள்ளே போய் யாருக்கோ தொலைபேசி எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு வந்தார். இந்தத் தாளை வாங்க மறுத்தால் அமைச்சர் பொய் சொன்னார் என்று அர்த்தம். வாங்கினால் அவர் சொன்னது உண்மை என்று அர்த்தம். எதை எழுதினாலும் இடமாற்றம் வரும். அவர் முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, 'தென்னங்கன்று கிடைக்காமை' என்று தலைப்பிட்டார். பெட்டியில் இருந்ததை அதன் கீழே சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதினார்.

"வாசிங்க, சேர்," என்றார் சாமித்தம்பி.

சார்ஜன் வாசித்தார். திகதிவரை சத்தமாக வாசித்தார். வாகன இலக்கத்தில் குரல் இறங்கியது. முகாம் வந்தபோது உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல்ல, சேர்."

"எழுதித்தானே கிடக்கு, ஐயா."

"கேக்கணும்."

சார்ஜன் மறுபடியும் வாசித்தார். இந்த முறை வெளியே விறாந்தையிலும் கேட்டது. அங்கே வாங்கிலும் நிலத்திலும் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் இளஞ்சிவப்புத் தாள் மடித்திருந்தது. சாமித்தம்பி முழுவதையும் கேட்டார். அவருக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. ரதீஸ் வரவில்லை. ஆனால் அவன் எங்கே போனான் என்பது இனி அவருடைய வாயில் மட்டும் இருக்கவில்லை.

சார்ஜன் பக்கத்தைப் புரட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"அடுத்தது ஆர்?"

கண்ணகை எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, அவர் காட்டிய கதிரையில் இருக்காமல் நின்றாள்.

"சிவதர்ஷன்," என்றாள்.